புல்லட்டுக்குப் பெரிய கார்புரேட்டர் போடலாமா?

கேள்வி: என்னிடம் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 500 இருக்கிறது. 28 மி.மீ. கார்புரேட்டரை எடுத்துவிட்டு 34 மி.மீ. போட்டால் இழுவை கூடுமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: இந்த ஆசை எனக்கும் வந்தது, ஐயா. போட்டேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி ஒருமுறை விக்கி, யோசித்து, பிறகுதான் நகர்ந்தது. பின்னால் வந்த மொபெட்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கார்புரேட்டர் என்பது காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். 28-லிருந்து 34-க்குப் போனால் அதில் காற்று போகும் துளையின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. எஞ்சின் இழுக்கும் காற்றோ அதே அளவுதான். ஆகவே காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பெட்ரோல் பொடியாகச் சிதறாமல் துளித்துளியாக உள்ளே போகும். அகன்ற குழாயால் அடுப்பை ஊதிப் பாருங்கள், ஊதாங்குழலின் அருமை புரியும். உங்கள் வண்டியில் அந்தத் துளையைத் திறந்து மூடும் ஸ்லைடை நேரே ஆக்ஸிலரேட்டர் கேபிள் தூக்குவதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். வெற்றிடத்தால் ஸ்லைடு உயரும் வகையென்றால் ஓரளவு சமாளிக்கும்.

வால்வு, அதைத் திறக்கும் கேம், சைலன்சர் எல்லாவற்றையும் மாற்றி, எப்போதும் உயர் சுழற்சியில் ஓட்டுபவருக்கு 32 சரி. நீங்கள் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை ஏறுகிறவர் என்றால் 28-ஐ விடாதீர்கள். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஒரு நல்ல ஓட்டத்துக்குப் பின் பிளக்கைக் கழற்றுங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) ஒரு அளவு பெரிதாக மாற்றுங்கள்; கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், ஒரு அளவு சிறிதாக மாற்றுங்கள். ஜெட் விலை மிகக் குறைவு.