கொய்யாக் கம்பு வெடித்தது ஏன்?

அப்பாவுக்குக் கைத்தடி செய்ய வெட்டிய கொய்யாக் கம்பு, பட்டையை உரித்து வெயிலில் போட்ட ஐந்தே நாளில் இரு முனையிலும் வெடித்துவிட்டது என்கிறீர்கள். மரத்தின் மேல் குறை இல்லைங்க. ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். முனை சுருங்கும், நடுப்பகுதி ஈரத்தோடு அப்படியே நிற்கும், அதனால்தான் பிளக்கிறது.

அடுத்த கம்பை இரு முனையிலும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். அன்றே முனைகளை உருக்கிய மெழுகில் தோய்த்து, பட்டையோடு, காற்று ஓடும் நிழலில் கிடத்துங்கள். ஆறு மாதமாவது பொறுங்கள். அவ்வப்போது எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அளவு: அப்பா செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடட்டும். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை, அடி ரப்பரையும் சேர்த்து.

வெடித்த கம்பைப் பசை போட்டு ஒட்டி அவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பாரம் ஏறினால் அந்தக் கீறலிலேயே பிளந்துவிடும்.