பழைய வீட்டுக் கடனுக்கு மானியம் கிடைக்குமா?

அண்ணே, 2021-இல் திருமங்கலத்தில் வீடு கட்ட வாங்கிய கடனில் மூன்று தவணை நின்று, வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்ட மானியம் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காது. இப்போதைய வட்டி மானியம் 1.9.2024 முதல் அனுமதித்த கடனுக்குத்தான். அதுவும் அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக. வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நோட்டீஸில் 13(2) என்று இருக்கிறதா பாருங்கள்; அது அடமானச் சொத்தை எடுத்து வங்கி கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபேசி (SARFAESI) சட்டத்தின் பிரிவு. இருந்தால் வீடு உடனே போய்விடாது. நிலுவையில் இவ்வளவு கட்டுகிறேன், காலத்தை நீட்டித்து மாதத் தவணையைக் குறையுங்கள் என்று ஸ்பீடு போஸ்டில் எழுதி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். போனில் பேசினதற்குச் சாட்சி கிடையாது. ஏற்காவிட்டால் வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். அப்புறமும் வீட்டில் சுவாதீன நோட்டீஸ் (வீட்டை வங்கி கைவசம் எடுத்ததாகச் சொல்வது) ஒட்டினால், 45 நாளுக்குள் மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.