பழைய காருக்கு எந்த இக்னிஷனை நம்பலாம்: பாயிண்டா, எலக்ட்ரானிக்கா?

கேள்வி: 1960களில் வந்த நான்கு சிலிண்டர் கார் வைத்திருக்கிறேன். இன்னும் பழைய பாயிண்டும் கண்டன்சரும்தான். தூரப் பயணம் என்றால் வழியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் நம்பி ஓட்டலாமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

போடலாம். உங்களுக்கு நான் சொல்வது, டிஸ்டிரிபியூட்டருக்குள் (ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பகுதி) பாயிண்ட், அதாவது காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், இருந்த இடத்திலேயே உட்காரும் சின்ன மாட்யூல். ஆனால் அதை வாங்குவதற்கு முன்னால் டிஸ்டிரிபியூட்டரைச் சோதித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கிட்டை மாட்டிவிட்டு, பழைய மிஸ்ஸிங் அப்படியே திரும்பி வந்ததும் கிட் மேல் பழி போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேப்பைக் கழற்றி, ரோட்டார் உட்காரும் ஷாஃப்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பாயிண்ட் இடைவெளியே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர்தான். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து அது 0.1 மில்லிமீட்டர் ஆடினால் அதில் கால் பங்கு போய்விடுகிறது. ஒரு சிலிண்டருக்குப் பொறி முன்னதாக விழும், இன்னொன்றுக்குத் தாமதமாக விழும். கார்பரேட்டரை எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் சீராகாது. காந்தத்தை உணர்ந்து வேலை செய்யும் மாட்யூல் இந்த ஆட்டத்தைப் பாயிண்டை விட நன்றாகத் தாங்கும், ஆனால் தேய்மானம் தேய்மானம்தான்.

அப்புறம் ரோட்டாரை அது சுற்றும் திசையில் லேசாகத் திருப்பிவிடுங்கள். கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங் இழுப்பில் பழைய இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால், வேகம் கூடக் கூடப் பொறியை முன்னதாக விழச் செய்யும் அட்வான்ஸ் வெயிட்கள் உள்ளே இறுகிக் கிடக்கின்றன. எஞ்சினின் உறிஞ்சலை வைத்து அதே வேலையைச் செய்யும் வாக்குவம் அட்வான்ஸ் இருந்தால் அதன் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயிண்ட் தட்டு நகர்ந்து, குழாயை அடைத்துப் பிடித்திருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இவை எல்லாமே மோசம் என்றால் மாட்யூலை மறந்துவிடுங்கள். புஷ் மாற்றி டிஸ்டிரிபியூட்டரைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் 123 இக்னிஷன் போல முழு எலக்ட்ரானிக் டிஸ்டிரிபியூட்டரையே போட்டுவிடுங்கள். அதில் அட்வான்ஸ் கணக்கை எஞ்சினுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது.

பாயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய முறை இது. கிரைஸ்லர் 1973 மாடல்களில் எலக்ட்ரானிக்குக்கு மாறும்வரை உலகத்தின் பெரும்பாலான கார்கள் இதில்தான் ஓடின. இது கெட்டுப்போகும் விதம் எனக்குப் பிடிக்கும். பாயிண்டின் கால் கேமில் உரசித் தேயும், இடைவெளி குறையும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்னால் போகும், பிக்கப் குறையும். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடும். சாலையோரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஃபீலர் கேஜும் இருந்தால் சரிசெய்துவிடலாம். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் மட்டும் விதிவிலக்கு. சூடானதும் மக்கர் பண்ணும், ஆறியதும் ஒன்றும் தெரியாததுபோல் ஓடும்.

மாட்யூலுக்குத் தேய்மானம் இல்லை, ஆனால் போகும்போது பெரும்பாலும் ஒரேயடியாகப் போகும். நடுரோட்டில் அதைப் பிரித்துப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால்தான் டிஸ்டிரிபியூட்டருக்குள் உட்காரும் வகையைச் சொல்கிறேன். கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும் தூக்கிப் போடாமல், திருகுகளோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூல் கைவிட்டால் பழையதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். உங்கள் பயத்துக்கு உண்மையான மருந்து இந்த டப்பாதான் என்று நான் நம்புகிறேன். முழு டிஸ்டிரிபியூட்டர் போடுகிறவர்கள் பழைய டிஸ்டிரிபியூட்டரையே அப்படி வைத்துக்கொள்ளலாம்.

மாட்யூலைக் கொல்வது பெரும்பாலும் காயில், அதாவது பிளக்குக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள். மல்டிமீட்டரை வைத்து காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸை அளந்துவிடுங்கள். 12 வோல்ட்டில் 3 ஓம் காயில் அதிகபட்சம் 4 ஆம்பியர் இழுக்கும், 1.5 ஓம் காயில் 8 ஆம்பியர் இழுக்கும். பின்னது மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓடுவதற்காகச் செய்தது. 3 ஓமுக்கென்று செய்த மாட்யூலில் அதை நேரடியாக இணைத்தால் சூட்டில் செத்துவிடும். கிட்டோடு வரும் தாளில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று போட்டிருக்கும். அந்த ஒரு வரிக்காகவாவது தாளைப் படியுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டு வைப்பதும் ஆபத்து. பாதுகாப்புச் சுற்று இல்லாத மாட்யூல் அப்படியே கருகிவிடும்.

ரோட்டாரில் சிக்கனம் பார்க்காதீர்கள். இப்போது வரும் மலிவான ரோட்டார்கள் சிலவற்றில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் ஷாஃப்ட்டுக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு ஷாஃப்ட்டில் இறங்கிவிடும். வண்டி சட்டென்று நிற்கும், வெளியே பார்த்தால் எதுவுமே தெரியாது. ரிவெட் இல்லாத ரோட்டாராகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதற்கென்று தனி மாட்யூல் வேண்டும். ஆர்பிஎம் மீட்டர் காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை வைத்து வேலை செய்யும் பழைய வகையாக இருந்தால், சில மாட்யூல்களோடு ஒத்துப்போகாது. பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக மாற்றிவிடுங்கள். அதிலிருந்து வரும் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

மாட்டி முடித்ததும் டைமிங்கை மறுபடி வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் பாயிண்ட் திறந்த அதே இடத்தில் மாட்யூல் பொறியை விடும் என்று சொல்ல முடியாது. டைமிங் லைட் வைத்து, வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, சர்வீஸ் மேனுவலில் சொன்ன வேகத்தில் பாருங்கள். இது முடியாமல் தூரப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். டைமிங் அளவுக்கு மீறி முன்னால் இருந்தால் லோடில் எஞ்சின் நாக் ஆகி, பிஸ்டன் வரைக்கும் அடி வாங்கும்.