ஈரத்தில் உதறும் எஞ்சின்

கேள்வி: ஐயா, எங்களுடையது 1993 கொரோலா, 5ஏ எஞ்சின். அப்பா ஓடிய கார். கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து காலையில் ஸ்டார்ட் பண்ணினால் மிஸ்ஸிங், காரே உதறுகிறது. பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் சரியாகிவிடும். வெயில் நாளில் ஒன்றுமில்லை. கராஜில் இரண்டு தடவை பிளக் மாற்றினார்கள். இப்போது எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டுமாம். இறக்கத்தான் வேண்டுமா?
(ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

பதில்: இறக்க விடாதீர்கள் டீச்சர். மழைக்கு வந்து வெயிலுக்குப் போகிற வருத்தம் பிஸ்டனுக்கு வந்து நான் கண்டதில்லை. மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் பற்றாமல் விடுவது. இது கரண்ட் பக்கத்துக் கோளாறு. கொயிலில் இருந்து பிளக்குக்குப் போவது பல்லாயிரம் வோல்ட். வயரின் ரப்பர் வெடித்திருந்தால், ஈரம் பட்டதும் அது பிளக் வரைக்கும் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிவிடும். எஞ்சின் சூட்டில் ஈரம் காய, கார் நல்ல பிள்ளையாகிவிடும்.

இரவில் முற்றத்து லைட்டை அணைத்துவிட்டு, பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். நீலமாகப் பொறி தாவினால் இடம் பிடிபட்டது. தாவாவிட்டால் வயர்களின் மேல் புகைபோலத் தண்ணீர் அடிக்க வேண்டும். இதற்கென்றே சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற போத்தல் ஒன்று என் கராஜில் கிடக்கிறது. எது செய்தாலும் ஓடுகிற எஞ்சினின் பிளக் வயரில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம், நாலு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று பிடிக்க வேண்டும். காலையில், உதறல் இருக்கும்போதே, அக்சிலேற்றரை மிதிக்காமல் ஸ்லோவில் விட்டு, பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டரின் கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கழற்றியதும் எஞ்சின் இன்னும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்தது. சிலர் பிளக் வயரையே இழுத்துப் பார்ப்பார்கள். ஆளுக்கும் அடிக்கும், எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்குகிற கெட்டலிற்றிக்கையும் எரித்துவிடும்.

செத்த சிலிண்டரின் வயரை, நீளம் எட்டினால், பக்கத்து வயரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் வயர்தான். மீற்றர் உள்ளவர்கள் அளந்தும் பார்க்கலாம். ஒரு வயர் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இரண்டு தடவை பிளக் மாற்றியும் நிற்கவில்லை என்றீர்களே, அந்தப் பிளக் குழிகளில் எண்ணெய் நின்றதா என்று கேளுங்கள். இந்த எஞ்சினில் மேல்மூடியான டப்பட் கவருக்குக் கீழே இருக்கிற குழிச் சீல் வயதானதும் இறுகி, எண்ணெய் கசியும். பிளக்கில் மாட்டுகிற வயரின் ரப்பர் உறை, அதாவது பூட், அதில் ஊறிப் பழுதாகும். சீலை விட்டுவிட்டுப் பிளக்கை மட்டும் எத்தனை தடவை மாற்றினாலும் பிளக் விற்கிறவருக்குத்தான் லாபம்.

கடைசியாக டிஸ்ரிபியூட்டர் கப், அதாவது கரண்டை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடி. வெளியே துடைத்துப் பளபளப்பாக இருக்கும். உள்ளே திருப்பிப் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும், அல்லது பென்சிலால் கீறியதுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடும். கரண்ட் அந்தக் கோட்டு வழியேதான் களவாகப் போகும். கல்லடி மாதிரிக் கடற்கரைப் பக்கம் நிற்கிற கார்களுக்கு உப்புக்காற்றில் இது சீக்கிரமே வரும். அரத்தாள் போட்டுத் தேய்ப்பது நாலு நாளைக்குத்தான். கப்பும் அதற்குள் சுற்றுகிற ரோட்டரும் புதிதாகப் போடுங்கள். கழற்றுமுன் வயர்களில் நம்பர் ஒட்டச் சொல்லுங்கள். சிலிண்டர்கள் பற்றுகிற 1-3-4-2 என்ற ஒழுங்கு பிசகினால் புதுப் பிரச்சினை.

கப்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011 ஜனவரி வெள்ளம் வடிந்த கிழமை, செங்கலடிப் பக்கமிருந்து ஒருவர் இதே உதறலோடு ஒரு நிசான் சன்னி கார் கொண்டுவந்தார். தண்ணீர் உள்ளே இழுத்திருக்கும் என்று நானாக முடிவுகட்டி, எஞ்சினின் தலையான ஹெட்டைக் கழற்றி, வால்வு தேய்த்து, மூன்று நாள் வேலை செய்தேன். ஸ்டார்ட் பண்ணினால் அதே உதறல். கப்புக்குள் வண்டல். கழற்றும்போது வெளியே துடைத்தேனே தவிர உள்ளே பார்க்கவில்லை. "தலையிடிக்குத் தலையையே கழட்டிப் போட்டீங்களே கா" என்றார் மனுசன். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் மட்டும் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கிற அமுக்கம், பாருங்கள். நாலுக்கும் இடையில் சதுர சென்றிமீற்றருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. எஞ்சினைத் திறக்கிற கதை அதற்குப் பிறகுதான்.

கேள்வி: பழைய காரில் மிஸ்ஸிங் பிடிக்க ஸ்கேனர் போட்டால் போதாதா? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: தம்பி, 90களின் தொடக்கத்துக் கார்களில் எந்தச் சிலிண்டர் மிஸ் என்று சொல்லும் அறிவு கம்பியூட்டருக்கு இல்லை. அந்தக் கொரோலாக்களில் பொனற்றுக்குள் இருக்கும் பெட்டியில் டீ-ஈ-1, ஈ-1 இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைப் போட்டால், டாஷ்போர்டில் எஞ்சின் லைட் மின்னிக் கணக்குச் சொல்லும். 14 என்று மின்னினால் இக்னிஷன் பக்கம் பாருங்கள். வயர் வெடிப்பை அது சொல்லாது.

கேள்வி: மொறிஸ் மைனர். சூடேறியதும் மிஸ் ஆகி சைலன்சரில் வெடிக்கிறது. பொயின்ற் அடிக்கடி கருகுகிறது. (வாசகர், திருக்கோவில்)

பதில்: கொண்டென்சர். பொயின்ற் என்பது கொயிலின் கரண்டைத் திறந்து மூடுகிற முனை; அது பொறி பறந்து கருகாமல் காப்பது கொண்டென்சர். பொயின்ற் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்து, கொண்டென்சரையும் மாற்றுங்கள். பழையதை வீசிவிடாதீர்கள். இப்போது கடையில் வாங்குவதில் சில பெட்டிக்குள்ளேயே செத்தவை; புதிதைப் போட்டும் வெடித்தால், பொயின்ற்றில் குறை தேடுமுன் இன்னொரு கொண்டென்சரைப் போட்டுப் பாருங்கள்.