கண்ணிலும் பிரஷரா? சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: ரத்த அழுத்தம் 120/80 தான். அப்படியானால் கண் அழுத்தமும் சரியாக இருக்கும் அல்லவா?

பதில்: இரண்டும் தனித்தனிக் கணக்கு. கையில் பட்டை கட்டி எடுக்கும் அளவை வைத்துக் கண்ணைப் பற்றிச் சொல்ல முடியாது. 40 வயதைத் தாண்டியவர் என்றால் கண்ணைத் தனியாகக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு எந்நேரமும் கண்ணில் நீர் வடிகிறது. அதனால் அழுத்தம் குறையுமா?

பதில்: குறையாது. அது கண்ணீர், கண்ணுக்கு வெளியே சுரப்பது. அழுத்தம் தருவது உள்ளே ஊறும் நீர். ஐரிஸுக்கு, அதாவது பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையத்துக்கு, பின்னால் நிமிடத்துக்கு 2 மைக்ரோலிட்டர் போல ஊறி, பாப்பா வழியாக முன்னால் வந்து, ஓரத்தில் இருக்கும் சல்லடையில் வடிந்து ரத்தத்தில் சேர்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் போய்ப் புது நீர் வந்துவிடும். ஊறுவது நிற்காது, வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும்.

கேள்வி: கண் பிரஷர் 24. என்ன செய்யலாம்?

பதில்: கடிதமே இவ்வளவுதான். வயது என்ன, எந்தக் கண், காலையில் எடுத்ததா மாலையிலா, கருவிழியின் (கார்னியா) தடிமன் என்ன, பக்கப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தாயிற்றா? ஒன்றுமே இல்லை. கருவிழி தடித்திருந்தால் கருவி கூட்டிக் காட்டும், மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். 24 இருந்தும் கண் நரம்பு நன்றாக இருப்பவர்கள் உண்டு; 16 இருந்தே பார்வையை இழந்தவர்களும் உண்டு. ரிப்போர்ட்டோடு எழுதுங்கள்.

கேள்வி: 12 வயது மகனுக்குக் கண் அரிப்பு. போன வருடம் டாக்டர் எழுதிய சொட்டு மருந்தையே கடையில் வாங்கிப் போடுகிறோம். போட்டதும் அரிப்பு நின்றுவிடுகிறது. இப்போது போர்டு சரியாகத் தெரியவில்லை என்கிறான். கண்ணாடி மாற்ற வேண்டுமா?

பதில்: கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள். போட்டதும் அரிப்பு நிற்கிறது என்றாலே எனக்கு ஸ்டீராய்டு சந்தேகம்தான். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருக்கிறதா பாருங்கள். பல பாட்டில்களில் ஆன்டிபயாட்டிக்கின் பெயர் முன்னால் இருக்கும், இது பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஆன்டிபயாட்டிக்தானே’ என்று வாங்கிவிடுகிறோம். சிலருக்கு ஸ்டீராய்டு சில வாரங்களிலேயே அந்தச் சல்லடையை மந்தமாக்கிவிடும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. சீக்கிரம் கண்டுபிடித்தால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். போன நரம்பு மட்டும் திரும்பாது. அதே மருந்து நாளானால் கண்புரையையும் கொண்டுவரும். பையனுக்குப் பார்வை மங்கியது எதனால் என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

எழுதிக் கொடுத்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு என்றுதான் எழுதியிருப்பார். பழைய சீட்டை நீட்டியதும் மருந்தை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரைச் சொல்வேன். மெட்ராஸ் ஐ சீசனில் சீட்டுகூடக் கேட்பதில்லை. எத்தனை தடவை எழுதினாலும் எனக்குக் கோபம் ஆறாத விஷயம் இது. சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள்.

கேள்வி: குளுக்கோமாவுக்கு ஆறு மாதம் மருந்து போட்டேன். பார்வை தெளியவில்லை. விட்டுவிட்டேன்.

பதில்: குளுக்கோமா பெரும்பாலும் கண் அழுத்தத்தால் நரம்பு கெடும் நோய். பார்வையைத் தெளிய வைக்க அந்த மருந்தைத் தரவில்லை. இருக்கிற பார்வை போகாமலிருக்கத் தந்தது. நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று இப்போதுதான் மேலே எழுதினேன். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ராத்திரி ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு. விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்ததாம். பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தோம், காலையில் சரியாகிவிட்டது.

பதில்: பித்தம் வானவில் காட்டாது. வடிகால் திடீரென மூடித் தானாகத் திறந்திருக்கலாம். அடுத்த முறை திறக்காமல் போனால் ஓரிரு நாளில் பார்வை போய்விடும். இன்றே கூட்டிப் போங்கள். வடிகால் இருக்கும் கோணம் குறுகியிருந்தால் லேசரில் ஐரிஸில் சிறு துளை போடுவார்கள், சில நிமிட வேலை.

கேள்வி: குளுக்கோமா இருக்கிறது. சிரசாசனம் செய்யலாமா? காலையில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கலாமா?

பதில்: சிரசாசனம் வேண்டாம், தலைகீழாக நிற்கும்போது அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. தண்ணீர் குடியுங்கள், ஒரே மூச்சில் அல்ல, டம்ளர் டம்ளராக.

கேள்வி: வலது கண்ணில் மட்டும் இமை முடி நீளமாக வளர்கிறது.

பதில்: அந்தக் கண்ணுக்கு மட்டும் லட்டனோப்ரோஸ்ட் என்ற குளுக்கோமா சொட்டு மருந்து போடுகிறீர்கள், சரிதானே? அதன் வேலைதான். பயமில்லை.