கடலுக்கு மேலே பறக்கும் வைவர்ன் விழுமா?

கேள்வி: கீழக்கரையில் நண்பர்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கற்பனை விளையாட்டை ஆடுகிறோம், 2014 விதிகள்தான். கதை நடப்பது பாம்பனில். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்ற எங்கள் மந்திரவாதி, கடலுக்கு மேல் 60 அடி உயரத்தில் பறந்த வைவர்ன் (சிறகுள்ள டிராகன் மாதிரிப் பிராணி) மீது, சிரிக்கவைத்துக் குப்புற விழவைக்கும் சிரிப்பு மந்திரம் போட்டான். மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையான சேவிங் த்ரோவில் அது தோற்றது. ஆனால், "ஆகாயத்தில் இருப்பது எங்கே போய்க் குப்புற விழும்?" என்கிறார் ஆட்டத்தை நடத்தும் டிஎம். யார் சொல்வது சரி?

பதில்: வைவர்ன் விழும். ப்ரோன் ஆவதற்கு, அதாவது குப்புற விழுந்த நிலைக்கு வர, தரை வேண்டியதில்லை. பறக்கும் பிராணி ப்ரோன் ஆனாலோ, வேகம் பூஜ்யமானாலோ கீழே வந்துவிடும். அதன் குறிப்பில் ஹோவர் (அந்தரத்தில் நிற்கும் திறன்) என்று இருந்தாலோ, பறக்கவைக்கும் ஃப்ளை மாதிரி ஒரு மந்திரம் தாங்கினாலோதான் தப்பும். பாம்பன் பாலத்தருகே எதிர்க்காற்றில் சிறகடிக்காமல் நிற்கும் செம்பருந்தைப் பார்த்து, இதுதான் ஹோவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது காற்றில் சாய்ந்து நிற்கிறது, சிறகை மடக்கினால் கீழேதான். வைவர்னும் அந்த ஜாதி.

சரி, விழுந்தால் படும் அடி எவ்வளவு? 10 அடி உயரத்துக்கு ஒரு டி6 (ஆறுமுகப் பகடை), ஆக 6 டி6. சராசரியாக 21. வைவர்னுக்கு 110 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), சாகாது. 2020-இல் வந்த கூடுதல் விதியின்படி தண்ணீரில் விழுகிறவர் சட்டென்று செய்யும் எதிர்வினையான ரியாக்‌ஷன் எடுத்து, பகடையில் டிசி 15 என்ற இலக்கு எண்ணை எட்டினால் அடி பாதியாகும். ஆனால் விழுந்து விழுந்து சிரிக்கும் வைவர்னுக்கு ரியாக்‌ஷன் ஏது? முழு அடிதான். அப்புறம் ஒரு சிக்கல்: அடிபட்டதுமே அது அட்வாண்டேஜோடு (இரண்டு பகடையில் பெரியதை எடுத்து) இன்னொரு முறை சேவ் உருட்டும். பாதி நேரம் தண்ணீரில் விழுந்த கையோடு தெளிந்துவிடும்.

டிஎம்முக்கும் ஒரு பிடி உண்டு. 2017-இல் வந்த விருப்ப விதியில், விழுந்த தூரத்திலிருந்து பறக்கும் வேகத்தைக் கழிக்கலாம். வைவர்னின் வேகம் 80, விழுந்தது 60, அடியே இல்லை! வேகமே பூஜ்யமாகியிருந்தால், கழிக்க ஒன்றுமிருக்காது. என் மேசையில் இந்த விதி கிடையாது. ஆட்டத்துக்கு முன்பே பேசிவைப்பது நல்லது.

இன்னொன்று: சிரிப்பு மந்திரம் 30 அடிதான் எட்டும். உச்சியில் நின்றதால் பிழைத்தீர்கள். கீழே மணலில் நின்று போட்டிருந்தால் டிஎம்தான் சிரித்திருப்பார்.