பலாச்சுளையா, முந்திரிப்பழமா?

வணக்கம் அக்கா,

பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருக்கிறது. இத்தனை வருடம் கொட்டையாகவே வியாபாரியிடம் போட்டுவிடுவோம். இந்த வருடம் பருப்பாக்கி, நாங்களே கால் கிலோ பாக்கெட் போட்டு, கடலூர், புதுச்சேரி கடைகளுக்குக் கொடுக்கப் போகிறோம். உள்ளே இருப்பது தெரிகிற பவுச், மேலே ஸ்டிக்கர். டிசைன் செய்த தம்பி ஸ்டிக்கருக்கு இரண்டு நிறம் அனுப்பினான். ஒன்று மஞ்சள் மை 100 சதவீதம், மெஜந்தா என்கிற ஊதா கலந்த சிவப்பு மை 30 சதவீதம். இன்னொன்று மஞ்சள் 100, மெஜந்தா 40. வீட்டில் முதலாவதற்குப் பலாச்சுளை, அடுத்ததற்கு முந்திரிப்பழம் என்று பேர் வைத்துவிட்டோம். பத்து நாளாகக் கைப்பேசியில் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். அம்மாவுக்குப் பலாச்சுளை பிடித்திருக்கிறது, எனக்கு முந்திரிப்பழம். சில நேரம் எது எது என்றே தெரியவில்லை. எழுத்து வெள்ளை. அடுத்த வருடம் பலா சிப்ஸும் போடலாம் என்றிருக்கிறோம். எதை எடுப்பது?

ஒரு வாசகி, பண்ருட்டி

அன்புள்ள தங்கைக்கு,

பேர் வைத்தீர்களே, அது நல்ல காரியம். 'மஞ்சள் ஒன்று, மஞ்சள் இரண்டு' என்று வைத்திருந்தால் இன்னும் பத்து நாள் ஓடியிருக்கும். கனகாம்பரம், கிச்சிலி, அரக்கு, மாந்தளிர் என்று நம்மிடம் நிறத்தின் பெயரே பொருளிலிருந்துதான் வருகிறது. சேலைக் கடையில் "கனகாம்பரக் கலர் காட்டுங்க" என்றால் கடைக்காரர் நேராக அந்த அடுக்குக்குக் கை நீட்டுவார். அதனால் நானும் உங்கள் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கைப்பேசியைக் கீழே வையுங்கள். திரையில் வெளிச்சமே நிறமாக வருகிறது. ஸ்டிக்கரில் மையிலிருந்து வர வேண்டும். அச்சில் மஞ்சள் மையின் மேல் மெஜந்தாவைப் பொடிப் பொடிப் புள்ளியாக வைத்துத்தான் இந்த நிறங்களை உண்டாக்குகிறார்கள். திரையில் பளீரென்று எரிகிற ஆரஞ்சு, அச்சில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையில் அப்படியே வராது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குத் திரையைப் பார்த்தே சாமந்தி நிறம் தேர்ந்தெடுத்தேன். அச்சாகி வந்தது செங்கல் நிறம். பெண்ணின் அப்பா கட்டைப் பிரித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதிலிருந்து அச்சடித்த துண்டைக் கையில் வாங்காமல் நான் எந்த நிறத்துக்கும் சரி சொல்வதில்லை.

உங்கள் இரண்டு நிறத்துக்கும் நடுவே இருப்பது மெஜந்தாவில் வெறும் பத்து. அச்சு ஓடும்போது மெஜந்தா நாலைந்து ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். ஒரு தடவை பலாச்சுளை ஐந்து ஏறி 35 ஆகும். இன்னொரு தடவை முந்திரிப்பழம் ஐந்து இறங்கி அதே 35-க்கு வந்துவிடும். அம்மாவும் நீங்களும் பத்து நாள் பேசிய வித்தியாசம் அச்சு ஓடும் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகலாம். இதில் இதா அதா என்று மனதை வருத்திக்கொள்ள வேண்டாம் தங்கை. இரண்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள், அதற்குப் பிறகு தேர்ந்தெடுப்பது சுலபம்.

அப்புறம், நிறத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். அடுத்த முறை புதுச்சேரி வரும்போது கடற்கரைக்குப் பின்னால் உள்ள பிரெஞ்சு வீதிகளில் காலையில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் அடர்த்தியாக நிற்கும். அதே மாதிரி மஞ்சள் ஆசிரமத்துக் கட்டடத்தின் சாம்பல் சுவரை ஒட்டி வரும் இடத்தில் இன்னும் சூடாகத் தெரியும். செங்கல் நிறச் சுவருக்குப் பக்கத்திலோ சோகை பிடித்த மாதிரி இருக்கும். துமா வீதியில் நின்று இரண்டு உள்ளங்கையையும் குழாய் மாதிரி குவித்து, பக்கத்துச் சுவரை மறைத்துப் பாருங்கள். நிறம் கண்ணெதிரே மாறும். பாரிஸில் கோப்லின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரேல் என்ற வேதியியலாளர் இதைத்தான் கண்டுபிடித்தார். கறுப்புச் சாயம் சரியில்லை என்று நெசவாளர்கள் குறை சொன்னார்கள். அவர் ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் ஒரு பழுதும் இல்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மங்கடித்திருந்தது. 1839-இல் அதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார்.

உங்கள் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இருக்கப் போவது முந்திரிப் பருப்பு. அதன் விலையே முழுசா, உடைசலா, எவ்வளவு வெள்ளை என்பதில்தானே இருக்கிறது? டபிள்யூ 320 என்று தரம் சொல்லும்போது அந்த டபிள்யூ வெள்ளையைக் குறிக்கிறது, 320 என்பது ஒரு பவுண்டுக்கு அத்தனை பருப்பு வரை நிற்கும் என்ற கணக்கு. ஆகவே பருப்பை வெள்ளையாகக் காட்டுகிற நிறம் எதுவோ அதுதான் உங்களுக்கு நல்ல நிறம். பலாச்சுளை நிறம் பருப்பின் இளமஞ்சளோடு உறவு கொண்டாடும், எங்கே ஸ்டிக்கர் முடிந்தது, எங்கே பருப்பு தொடங்கியது என்ற கோடு மங்கும். அடர்ந்த நிறத்துக்குப் பக்கத்தில் பருப்பு வெளுத்துத் தெரியும். நான் சொல்வதற்காக நம்ப வேண்டாம். இரண்டு நிறத்திலும் துண்டு அச்சடித்து வாங்கி, இரண்டு பவுச்சில் ஒரே தரப் பருப்பைப் போட்டு ஒட்டிப் பாருங்கள். வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்தால் போதாது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் எல்லாமே வெளிறிப் போகும். கடையில் எரிவது பெரும்பாலும் வெள்ளை எல்இடி. தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு, அலமாரியில் வைத்துவிட்டு எட்டடி தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டுகள் மஞ்சளாக அடுக்கியிருந்தால் பலாச்சுளை நிறம் அந்தக் கூட்டத்தோடு கலந்துவிடும்.

வெள்ளை எழுத்தை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரையில் படிக்கிற சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட அளவு. அச்சுக்கும் நான் அதையே கைக்கணக்காக வைத்திருக்கிறேன். உங்கள் இரண்டு நிறத்திலும் வெள்ளை எழுத்து ஏறக்குறைய 2-க்கு 1-இல் நின்றுவிடுகிறது. அம்மா வயதுக்காரர் ஒருவர் கண்ணாடி இல்லாமல் கடைக்கு வந்தால் பாக்கெட் போட்ட தேதியைப் படிக்க முடியாது. முந்திரிக்கொட்டைத் தோலின் கரும்பழுப்பு இருக்கிறதே, அதை எழுத்துக்கு எடுங்கள். இரண்டு நிறத்திலும் நன்றாக நிற்கும், உங்கள் தோப்பிலிருந்தே வந்த நிறமும்கூட.

வெயிலையும் யோசியுங்கள். சுவரில் ஒட்டிய பழைய சினிமா போஸ்டர் நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலுக்கு முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் தாக்குப் பிடிக்கும். உங்கள் நிறத்தில் இருப்பதே அந்த இரண்டு மைகள்தான். கடை வாசலில் தொங்கவிட வேண்டாம் என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, என் முடிவைக் கேட்டீர்கள். முந்திரிக்கு முந்திரிப்பழ நிறம். ஆனால் மெஜந்தாவை 40-இல் நிறுத்தாமல் 50-க்குக் கொண்டுபோங்கள். அம்மாவின் பலாச்சுளையை விட்டுவிட வேண்டாம், அதை 25-க்கு இறக்கி அடுத்த வருடப் பலா சிப்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவே 25 இடைவெளி இருந்தால் அச்சு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இரண்டும் ஒன்றாகிவிடாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுச் சரக்கு என்று தெரியும், எடுக்கிற கையும் தடுமாறாது.

முந்திரிப்பழ நிறத்துக்குத் துண்டு அச்சடிக்கும்போது மெஜந்தா 45, 50, 55 மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். ஸ்டிக்கருக்கு லேமினேஷன் உண்டென்றால் துண்டுக்கும் அதே லேமினேஷன் போடச் சொல்லுங்கள். பளபளப்பான லேமினேஷனில் நிறம் அடர்ந்துவிடும், பளபளப்பில்லாத 'மேட்' லேமினேஷனில் சற்று அடங்கும். பிடித்த துண்டின் பின்னால் அம்மாவும் நீங்களும் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, வெளிச்சம் படாத உறையில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஸ்டிக்கர் அடிக்கப் போகும்போது அந்த உறையைக் கொண்டுபோய், எந்திரம் ஓடத் தொடங்கியதும் வருகிற முதல் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஓடவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா